மலையைத் தூக்க வேண்டாம்!

நாகர்கோவிலிலிருந்து கன்னியாகுமரிக்கு நீங்கள் போயிருந்தால், சுசீந்திரம் கோபுரத்தைக் கண்டு கும்பிட்ட பிறகு, பொற்றையடி பக்கத்தில் பாறையும் பச்சையுமாக ஒரு மலை எழுந்து நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். அதுதான் மருந்துவாழ் மலை. லக்ஷ்மணனை உயிர்ப்பிக்க அனுமார் சஞ்சீவி மலையைத் தூக்கிக்கொண்டு பறந்தாரல்லவா? அப்போது உதிர்ந்த துண்டு இது என்று ஊர்க்காரர்கள் சொல்வார்கள். இன்றும் அங்கே மூலிகைகளுக்குக் குறைவில்லை.

அந்தக் கதையில் ஒரு வேடிக்கை உண்டு. அனுமாருக்குப் பலம் இருந்தது, வேகம் இருந்தது, பக்தியைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். எந்தச் செடி சஞ்சீவி என்பது மட்டும் தெரியவில்லை! தெரிந்திருந்தால் ஒரு கைப்பிடி இலையோடு காரியம் முடிந்திருக்கும்.

செடியையும் கொடியையும், பறவையையும் பூச்சியையும் ‘இது இன்னது’ என்று பிரித்துப் பெயர் சொல்வது ஒரு தனி வித்தை. அதற்குப் படிப்பு இருக்கிறது, பயிற்சி இருக்கிறது, உத்தியோகமும் இருக்கிறது. டாக்டர், என்ஜினீயர் என்றே பேசிக்கொண்டிருக்கும் நம் வீடுகளில் இந்தப் பேச்சு எழுவதில்லை. ஆகையால் கொஞ்சம் சொல்கிறேன், கேளுங்கள்.

இதைக் கற்கக் குமரி மாவட்டத்தைப் போல ஓர் இடம் கிடைப்பது அரிது. தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு பருவமழையும் இங்கே வந்து போகின்றன. கிழக்கே ஆரல்வாய்மொழிக் கணவாயில் காற்று பிய்த்துக்கொண்டு போகும். அங்கே முட்செடிகள்தாம் அதிகம். மேற்கே பேச்சிப்பாறைக்கு மேலே போனாலோ வெயில் தரையைத் தொடாத மழைக்காடு. நடுவே நாஞ்சில் நாட்டு வயலும் வாழையும் குளங்களும். சுசீந்திரம், தேரூர்க் குளங்களும் வேம்பனூர்க் குளமும் 2022-ல் ‘ராம்சார்’ பட்டியலில் ஏறி, உலகம் மதிக்கும் நீர்நிலைகளாகிவிட்டன. தெற்கே கடல். இத்தனையும் ஒரு நாள் பஸ் பிரயாணத்துக்குள்!

அசம்பு மலையில் ஒரு நீலக் குருவி உண்டு. வெகு காலம் அதை வேறோர் இனத்தின் கிளை என்றே கருதி வந்தார்கள். மரபணுவை ஒப்பிட்டுப் பார்த்து, 2017-ல்தான் அது தனி இனம் என்று கண்டு, அசம்பு மலையின் பெயரையே அதற்குச் சூட்டினார்கள். குருவி எப்போதும் அங்கேதான் இருந்தது; பெயர்தான் இல்லை. பெயரில்லாததைப் பட்டியலில் சேர்க்க முடியாது. பட்டியலில் இல்லாததைக் காப்பாற்றுவதும் கஷ்டம்.

சரி, மலையில் ஆராய்ச்சிக்காகப் பறித்த செடி எங்கே போகிறது? கோயம்புத்தூருக்கு. அங்கே விவசாயப் பல்கலைக்கழக வளாகத்தில், இந்தியத் தாவர மதிப்பாய்வு நிறுவனம் 1955-ல் தொடங்கிய தென்மண்டல நிலையம் இருக்கிறது. வெள்ளைக்காரர் காலத்திலிருந்து சேர்த்த இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்ட உலர்ந்த செடிகள் அலமாரிகளில் அடுக்கியிருக்கின்றன. இதற்கு ‘ஹெர்பேரியம்’ என்று பெயர்.

அங்கே நடக்கும் வேலையைக் கேட்டால் உங்கள் கை துறுதுறுக்கும். செடியைப் பூவோடும் காயோடும் பறித்து, பழைய செய்தித்தாளுக்கு நடுவில் வைத்து அமுக்க வேண்டும். ஈரம் போகும்வரை தாளை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். வடாம் காய வைப்பவர்களுக்கு இந்தப் பொறுமையைச் சொல்லித்தர வேண்டுமா? பிறகு பூச்சி அரிக்காமல் மருந்திட்டு, கெட்டித்தாளில் ஒட்டி, தடித்த காம்பை ஊசி நூலால் தைக்க வேண்டும். கடைசியாகச் சீட்டு: எந்த இடம், எவ்வளவு உயரம், எந்தத் தேதி, பறித்தவர் யார், பூ என்ன நிறம். அந்தச் சீட்டு இல்லாவிட்டால் எப்பேர்ப்பட்ட அபூர்வச் செடியும் வெறும் சருகு. கன்னியாகுமரியில் வாங்கிய சிப்பிகள் உங்கள் கண்ணாடி அலமாரியில் இருக்குமே, அவையும் அப்படித்தான். எந்தக் கடலில் எப்போது எடுத்தவை என்று தெரியாதவரை அவை அலங்காரம்தான்.

“இதனால் என்ன பிரயோசனம்?” என்கிறீர்களா? மஞ்சள் காமாலைக்குக் கீழாநெல்லி என்பது நம் பாட்டிமார் வைத்தியம். தென்னிந்தியக் கடைகளில் கீழாநெல்லி என்று விற்ற சரக்கை ஆராய்ந்தபோது, அதைப் போலவே தோன்றும் வேறு சில செடிகளும் கலந்திருந்தன! பிரித்துச் சொல்லத் தெரிந்தவர் இருந்தால்தான் மருந்து மருந்தாக இருக்கும்.

பெண்களுக்கு இது சரிப்படுமா என்று தயங்க வேண்டாம். 1897-ல் தலைச்சேரியில் பிறந்த ஜானகி அம்மாள், சென்னை ராணி மேரிக் கல்லூரியில் படித்தவர். அமெரிக்காவில் டாக்டர் பட்டம் பெற்று, கோயம்புத்தூரில் கரும்பை ஆராய்ந்து, இங்கிலாந்திலும் பணியாற்றினார். தாவர மதிப்பாய்வு நிறுவனத்தைச் சீரமைக்க நேரு அழைத்ததும் நாடு திரும்பினார். 1977-ல் பத்மஸ்ரீ விருது பெற்றார். ஒரு மக்னோலியா மலர் அவர் பெயரைத் தாங்கிப் பூக்கிறது.

வழி என்ன? நாகர்கோவிலில் ஹோலி கிராஸ், ஸ்காட் கிறிஸ்தவக் கல்லூரி போன்ற இடங்களில் தாவரவியலோ விலங்கியலோ படிக்கலாம். கடலில் ஆசையானால் ராஜாக்கமங்கலத்தில் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தின் கடல் அறிவியல் மையம் இருக்கிறது. காட்டு விலங்கில் ஆசையானால் மயிலாடுதுறையை அடுத்த மன்னன்பந்தல் ஏ.வி.சி. கல்லூரி. பட்டம் இல்லையென்றாலும் கதவு அடைத்துவிடவில்லை. மத்திய அரசு 2017-ல் தொடங்கிய பசுமைத் திறன் பயிற்சியில், பட்டம் பெறாத இளைஞர்களுக்கும் செடிகளையும் உயிரினங்களையும் இனம் காணக் கற்பித்தார்கள். 2002-ம் ஆண்டுச் சட்டப்படி ஒவ்வோர் ஊராட்சியிலும் அங்குள்ள உயிரினங்களுக்கு ஒரு பதிவேடு வேண்டும். அதை எழுதவும் ஆள் வேண்டும். பேச்சிப்பாறைப் பக்கத்துக் காணி மக்களைப் போலக் காட்டை அறிந்தவர்கள் உடனிருந்து சொன்னால் அந்தப் பதிவேடு பொன்னாகும்.

வேலை கொட்டிக் கிடக்கிறது என்று சொல்ல மாட்டேன். அரசாங்க இடங்கள் சொற்பம்; பொறுமை வேண்டும். ஆனால் பழைய நிபுணர்கள் ஓய்வு பெறும் வேகத்தில் புதியவர்கள் வருவதில்லை. அந்த நாற்காலிகள் காலியாகவே இருந்தால், நம் மலைச் செடியின் பெயரை நாளைக்கு யாரிடம் போய்க் கேட்பது?

ஆகவே, உங்கள் மகள் புத்தகத்துக்குள் இலையை வைத்தால் ‘குப்பை’ என்று எடுத்து எறிந்துவிடாதீர்கள். காப்புக்காட்டில் வனத்துறை அனுமதியில்லாமல் ஓர் இலையும் பறிக்கக் கூடாது. ஆனால் கொல்லையில் பூத்திருக்கும் தும்பையை யார் தடுக்கப் போகிறார்கள்? பழைய செய்தித்தாளும் கனமான ஓர் அகராதியும் கொடுங்கள். ஊர், தேதி, பறித்தவள் பெயர் மூன்றையும் சீட்டில் எழுதச் சொல்லுங்கள். படிப்பு அங்கேயே ஆரம்பமாகிவிட்டது.