தாத்தாவின் குரல்

கூலாயில் ஒரு குடியிருப்பு வீடு. தாத்தா காலமாகி ஓராண்டு நிறைவடைய இன்னும் மூன்று நாள்களே இருந்தன. தோட்டத்தில் பால்மரம் சீவிய காலத்தைப் பற்றி மாமா அவரிடம் எடுத்த நேர்காணல் மட்டும் ஒலிப்பதிவாக மிஞ்சியிருந்தது. அதைக் கைப்பேசியில் கேட்ட பாட்டி, “சத்தம் போதவில்லை ஐயா. அவர் பேசுவது காதில் விழவே இல்லை,” என்றார்.

படிவம் நான்கில் பயிலும் பேரன், பாட்டிக்காக ஓர் ஒலிப்பெட்டி செய்யத் தொடங்கினான். ராஸ்பெர்ரி பை என்னும் சிறிய கணினி, ஓர் ஒலிபெருக்கி, இரண்டுக்கும் நடுவே மேக்ஸ் 98357ஏ என்னும் மிகைப்பிச் சில்லு. கணினி ஒலியை எண்களாக அனுப்பும். சில்லு அவ்வெண்களை மின்னலைகளாக மாற்றி, வலுவூட்டி, ஒலிபெருக்கிக்குக் கொடுக்கும். இதன் அமைவுகளை மாற்றத் திரையோ பொத்தானோ இல்லை. சில்லின் கால்களை எங்கே இணைக்கிறோம் என்பதே அமைவு.

அன்றிரவு பதிவை ஒலிக்கவிட்டான். மாமாவின் கேள்விகள் கணீரென்று கேட்டன. தாத்தாவின் பதில்களோ கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் தேய்ந்து ஒலித்தன. ஒலியைக் கூட்டினால் சரியாகிவிடும் என்று அவன் எண்ணினான்.

அந்தச் சில்லில் 3, 6, 9, 12, 15 டெசிபல் என ஐந்து மிகைப்பு நிலைகள் உள்ளன. அதற்குரிய காலை எதனுடனும் இணைக்காவிட்டால் 9 டெசிபல். 100 கிலோ ஓம் மின்தடை வழியாகத் தரைமுனையோடு இணைத்தால் 15 டெசிபல். அவன் 15ஐத் தேர்ந்தெடுத்தான். மாமாவின் குரல் கரகரத்தது. தாத்தாவின் குரல் தெளியவில்லை.

மறுநாள் சில்லின் விவரக் குறிப்பை வரி வரியாகப் படித்தான். காரணம் புரிந்தது. 6 டெசிபல் கூடினால் மின்னழுத்தம் இரு மடங்காகும். முழு வலிமையுள்ள ஒலிக்கு 9 டெசிபலிலேயே அலையின் உச்சம் ஏறத்தாழ 5 வோல்ட்டைத் தொடுகிறது. 15 டெசிபலில் அது 10 வோல்ட் வரை எழ வேண்டும். ஆனால், பெட்டிக்குக் கிடைப்பதோ 5 வோல்ட் மின்சாரம்தான். எழ முடியாத அலைகளின் தலை வெட்டுப்படுகிறது. அதுவே கரகரப்பு.

அவன் மீண்டும் 9 டெசிபலுக்குத் திரும்பினான். ஆயினும், ஒரு கேள்வி எஞ்சியது. கைப்பேசியில் இருவர் குரலும் ஒரே அளவில் கேட்டனவே, இதில் மட்டும் ஏன் தாத்தாவின் குரல் தேய்கிறது?

மாமாவிடம் கேட்டான். “இரண்டு ஒலிவாங்கி வைத்தோம். இடப்பக்கம் எனக்கு, வலப்பக்கம் அப்பாவுக்கு,” என்றார் மாமா.

விடை அங்கே இருந்தது. சில்லின் இன்னொரு கால், எந்தப் பக்கத்து ஒலியை எடுப்பது என்பதை முடிவு செய்கிறது. அதன் மின்னழுத்தம் 1.4 வோல்ட்டுக்கு மேல் இருந்தால் இடப்பக்கம் மட்டும் ஒலிக்கும். அவன் அக்காலை நேராக 5 வோல்ட்டுடன் இணைத்திருந்தான். இடையில் 1 மெகா ஓம் மின்தடையை வைத்தான். மின்னழுத்தம் 0.45 வோல்ட் அளவுக்கு இறங்கியது. அந்நிலையில் சில்லு இரு பக்க ஒலிகளையும் கலந்து கொடுக்கும்.

மூன்றாம் நாள் மாலை, படையலுக்குப் பின் வீட்டார் கூடத்தில் அமர்ந்தனர்.

“காலையில் எத்தனை மணிக்கு எழுவீர்கள்?” என்றது மாமாவின் குரல்.

“நான்கு மணிக்கெல்லாம் எழுந்துவிடுவேன்,” என்றது தாத்தாவின் குரல், தெளிவாக.

பாட்டி நிமிர்ந்து அமர்ந்தார். “எங்கே எழுந்தார்? மூன்றரை மணியிலிருந்து எழுப்பியது நான் அல்லவா!” என்று பெட்டியைப் பார்த்துச் சொன்னார்.