அலைவாய்ப் பாறைகள்

சென்னைக் கடற்கரையைப் படம் பிடிக்க விரும்புவோர் பெரும்பாலும் மெரினாவின் மணற்பரப்போடு நின்றுவிடுகின்றனர். பரந்த மணலும் அதற்கப்பால் விரிந்த நீலமும் கண்ணுக்கு இதமானவையே. ஆயினும் கடலின் வல்லமையை அறிய வேண்டுமாயின், அது வந்து மோதுவதற்கு ஒரு பாறை வேண்டும். மயிலாப்பூர்வாசியான எனக்கு, அந்தப் பாறையைத் தேடித் தெற்கே போவது இளமை முதலே வழக்கமாயிற்று.

நம் நகரின் பாறைகள் பரங்கிமலையிலும் பல்லாவரத்திலும், கடலை விட்டு ஒதுங்கி நிற்கின்றன. கரையிலோ மணலின் ஆட்சி. அந்த மணலும் ஓரிடத்தில் நிலைத்திருப்பதன்று. ஆண்டு முழுவதையும் கூட்டிக் கழித்துப் பார்த்தால், நீரோட்டம் மணலைத் தெற்கிலிருந்து வடக்கு நோக்கியே மிகுதியாகக் கொண்டு செல்கிறது. 1870களில் துறைமுகச் சுவர்கள் கடலுக்குள் எழத் தொடங்கியதும் அந்த ஓட்டம் தடைப்பட்டது. தெற்கே மெரினா அகன்றது. வடக்கே இராயபுரம் பக்கம் கரை அரிக்கப்பட்டு, கருங்கற்களைக் கொட்டிக் காக்க வேண்டிய நிலை வந்தது. அடையாற்று முகத்துவாரத்தில் நிற்கும் உடைந்த பாலமும் நீரின் வலிமைக்கு ஒரு சான்று. 1967ஆம் ஆண்டு கட்டப்பட்ட அது பத்தே ஆண்டுகளில், 1977இல் இடிந்தது.

அடையாற்றைக் கடந்து ஏறத்தாழ 30 கிலோமீட்டர் சென்றால் கோவளம். ஹஜ்ரத் தமீமுல் அன்சாரி (ரலி) அவர்களின் பெயரால் விளங்கும் தர்காவை நாடி நம் குடும்பங்கள் பல அங்கே போய் வருவதுண்டு. நவாபுகள் காலத்தில் துறைமுகமாக விளங்கிய ஊர் அது. அங்கிருந்த கோட்டையை 1752இல் கிளைவ் கைப்பற்றினார். இன்று அலையோசை மட்டும் மாறாமல் கேட்கிறது.

மேலும் தெற்கே மாமல்லபுரம். பல்லவரின் சிற்பங்களைக் காண உலகமே அங்கு வருகிறது. 1984ஆம் ஆண்டு யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களுள் அவை இடம் பெற்றன. நான் நாடுவது உளி படாத பாறைகளை. கடற்கரைக் கோயிலுக்கு அப்பால், அலைவாயில் கரும்பாறைகள் யானைக் கூட்டம் போல் முதுகு காட்டிக் கிடக்கும். மலைகளை முளைகளுக்கு ஒப்பிடும் திருமறையின் உவமை, அவற்றின் அருகில் நிற்கையில் உள்ளத்தில் எழாமல் இராது.

அப்பாறைகளைப் படமெடுப்பதற்குப் பொறுமை வேண்டும். நம்முடையது கிழக்குக் கரையாதலால் கதிரவன் கடலிலிருந்து எழுகிறான். சுபுஹு தொழுகையை முடித்துவிட்டுக் காத்திருந்தால், எதிரொளியில் பாறை முழுவதும் கறுத்து அதன் வடிவம் மட்டும் துலங்கும். பிற்பகல் நான்கு மணிக்கு மேல் வெயில் நம் முதுகுக்குப் பின்னாலிருந்து வீசும். அப்போதுதான் கல்லின் வெடிப்பும் சொரசொரப்பும் தெரியும். ஷட்டரை நொடியில் ஐந்நூறில் ஒரு பங்குக்கு வைத்தால் திவலைகள் முத்துக்களாய் அந்தரத்தில் நிற்கும். முக்காலியில் காமிராவை இருத்தி ஒரு முழு நொடி திறந்து வைத்தால் அதே அலை பனிப்புகையாய் மாறும். உப்புநீர் லென்ஸைப் பாழாக்கும். ஆகவே மெல்லிய துணி ஒன்று கையில் இருக்க வேண்டும். பாசி படர்ந்த கல்லில் கால் வைக்கலாகாது. கடலுக்கு முதுகு காட்டி நிற்றலும் ஆகாது. பிள்ளைகளை அழைத்துச் செல்வோர் இதனை மறவாதிருக்க வேண்டும்.

எங்கள் வீட்டுச் சுவரில் மனித முகம் தாங்கிய படம் எதனையும் மாட்ட என் உம்மா இசைந்ததில்லை. இது குறித்து மார்க்க அறிஞரிடையே கருத்து வேற்றுமை உண்டென்பதை அவர் அறிவார். எனினும் பேணுதலே நன்று என்பார். பாறைப் படங்களை மட்டும் மடியில் வைத்துக்கொண்டு நெடுநேரம் பார்ப்பார். ஆளில்லாத அந்தப் படங்களுக்குள்ளும் மனித வாழ்வு குடியிருக்கக்கூடும் என்பதைப் பின்னொரு நாள் கண்டேன்.

2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை வந்தது. மாமல்லபுரத்தில் கடல் முதலில் உள்வாங்கியபோது, அதுவரை காணாத பாறைகள் வெளிப்பட்டதைக் கரையிலிருந்தோர் கண்டனர். அலை வாரிச் சென்ற மணலுக்கு அடியிலிருந்து பழைய செதுக்கு வேலைகள் வெளிவந்தன. அடுத்த ஆண்டே தொல்லியல் துறையினரும் கடற்படையினரும் கடலடியில் ஆய்ந்தனர். சிங்கம் செதுக்கிய கல்லைப் பற்றி நாளேடுகள் வியந்து எழுதின.

சில வாரங்கள் கழித்து, 1999இல் நான் எடுத்த படங்களோடு அங்கே சென்றேன். எந்தப் பாறை மணலில் புதைந்தது, எது புதிதாய்த் தலைகாட்டியது என்று ஒப்பிட்டுப் பார்ப்பதே நோக்கம். குப்பத்து முதியவர் ஒருவர் அருகில் வந்து படத்தை வாங்கிப் பார்த்தார். பாறையை அவர் நோக்கவில்லை. படத்தின் ஓரத்தில், விரல் நுனியளவே தெரிந்த ஓலைக் கூரையின் மேல் அவர் கண் பதிந்தது.

“பாய், இது எங்க வூடு. எங்க கையில ஒரு படங்கூட இல்ல. இத்த எனக்குக் குடுங்க.”

அந்தக் கூரைக்குக் கீழே அடுப்பு எங்கிருந்தது, வலைகள் எங்கே தொங்கின, பேரப்பிள்ளைகளின் தூளி எந்த மூங்கிலில் ஆடியது என்று அவர் விரலால் தொட்டுத் தொட்டுக் காட்டினார். காட்டிய இடங்கள் எவையும் படத்தில் இல்லை. அவர் கண்ணில் இருந்தன. படத்தை அவரிடமே தந்தேன். ஈரம் படாதிருக்கத் தம் மேல்துண்டில் சுற்றி எடுத்துச் சென்றார்.

அன்று முதல் ஆண்டுதோறும் அதே இடத்தில், அதே உயரத்தில் முக்காலியை நிறுத்தி ஒரு படம் எடுத்து, பின்புறத்தில் நாளும் நேரமும் எழுதி வைக்கின்றேன். கரை நகர்வதும் கற்கள் கொட்டப்படுவதும் குடிசைகள் மாடி வீடுகளாவதும் அவற்றில் பதிந்துள்ளன. இன்று கைப்பேசி இல்லாத கை இல்லை. உங்கள் ஊர்க் கரையையும் ஆண்டுக்கொருமுறை ஒரே இடத்தில் நின்று படமெடுத்து வையுங்கள். யாருடைய வீடு அதன் ஓரத்தில் பதிந்திருக்கிறதோ, அவர் கேட்டு வரும்வரை அது நம்மிடம் உள்ள அமானிதம்.