அபியின்ர புயம்

1998இல சுவிசுக்கு வந்து அகதி முகாமில இருக்கேக்க, எங்கட மாடியில ஒரு கொசோவோப் பெடியன் ஆரோ கழிச்சுவிட்ட பிளேஸ்ரேசன் ஒண்டு வைச்சிருந்தவன். விசாரணைக் கடிதம் வரும்வரைக்கும் எங்களுக்கு வேற என்ன வேலை? ஆறேழு பேர் அவன்ர கட்டிலில நெருக்கியிருந்து 'ரூம் ரெய்டர்' பார்ப்பம். குகை, ஓநாய், கரடி எல்லாம் வரும். நாங்கள் பார்த்தது லாரா குறொவ்ற்றை மட்டும்தான். எல்லாரும் இளந்தாரியள், பிறகென்ன.

அதில கமெரா எப்பவும் அவளுக்குப் பின்னாலதான் நிக்கும். விளையாடுறவன் அவளாவே மாறுறானோ, இல்லை அவளைப் பார்த்துக்கொண்டு போறானோ எண்டு கேட்டால் எங்கட கட்டிலில ஒரே பதில்தான். அவளை உருவாக்கின ரொபி கார்ட், 1996இல விளையாட்டு வந்து வித்துத் தள்ளினாப் பிறகு விளம்பரக்காரர் அவளைக் காட்டின விதம் பிடிக்காமல் 1997இல கொம்பனியை விட்டே போட்டார். இதெல்லாம் எனக்குப் பிறகு மகள் சொல்லித்தான் தெரியும்.

மகள் இப்ப பல்கலைக்கழகத்தில ரெண்டாம் வருசம். லீவுக்கு வந்தால் அவள் விளையாடுவாள், நான் பின்னாலயிருந்து பார்ப்பன். 2020இல வந்த 'த லாஸ்ற் ஒவ் அஸ்' இரண்டாம் பாகத்தில பாதிக்கதை அபியா விளையாடவேணும். (அபிராமி இல்லை, அபிகேல்.) தோளும் புயமும் மூட்டை தூக்கிற ஆளின்ரை மாதிரி. கொலீன் பொட்ச் எண்ட வீராங்கனையின்ர உடம்பைப் பார்த்துத்தான் செய்தவை. எண்டாலும் 'பொம்பிளைக்கு உப்பிடி உடம்பு வராது' எண்டு இன்ரநெற் முழுக்கச் சண்டை. முதல் பாகத்து நாயகனை அவள் கொண்டுபோட்ட கோபமும் சேர்ந்து, குரல் குடுத்த லோறா பெய்லிக்குக் கொலை மிரட்டல் வரைக்கும் போனது.

உலகம் அழிஞ்சாப் பிறகு இவளுக்குச் சாப்பாடு எங்கால எண்டு கேட்டவைக்குக் கதையிலயே பதில் இருக்கு. சியாற்றில் மைதானத்துக்குள்ள கால்நடை, தோட்டம், சாப்பாட்டுக்கூடம், எடை தூக்க ஒரு அறை. தேப்பனைக் கொண்டவனைத் தேடி வருசக்கணக்கா உடம்பை முறுக்கினவள். இனி கிறிஸ் றெட்பீல்டைப் பாருங்கோ. 1996இல 'றெசிடென்ற் ஈவில்' முதல் பாகத்தில சாதாரண உடம்பு. 2009இல ஐந்தாம் பாகத்தில புயம் தலையளவு, கடைசியில எரிமலைக்குள்ள ஆளைவிடப் பெரிய பாறையைக் கையால குத்திக் குத்தி உருட்டுறார். சனம் சிரிச்சது, இண்டைக்கும் அது பகிடிதான். ஆனால் 'உமக்கு ஆர் இறைச்சி போட்டது?' எண்டு அவரைக் கேட்டவனை நான் காணேல்லை. ஆம்பிளை எவ்வளவு ஊதினாலும் ஆம்பிளைதான். பொம்பிளைக்கு ஒரு இஞ்சி கூடினவுடன கணக்குக் கேக்கினம். 'ஹொரைசன்' அலோய்க்குக் கன்னத்தில பூனைமயிர் தெரியுது எண்டுகூட ஒரு முறைப்பாடு!

போன மாசம் என்ர மச்சான் வந்திருந்தவன். மனிசியின்ர கடைசித் தம்பி. மகள் விளையாடிக்கொண்டிருந்தாள். கொஞ்சநேரம் பார்த்துப்போட்டு,

"அத்தான், உது ஆம்பிளையோ பொம்பிளையோ?"

"பொம்பிளைதான் மாமா" எண்டாள் மகள்.

"பொம்பிளைக்கு உந்தக் கை வருமே? ஆர் பிள்ளை கட்டுவாங்கள்?"

பகிடிக்குத்தான் கேட்டவன், கெட்ட மனம் இல்லை. ஆனால் மகள் ரெண்டு வருசமா எடை தூக்கிறவள். ஒண்டும் சொல்லாமல் ரீசேட்டின்ர கையை முழங்கை வரைக்கும் இழுத்துவிட்டதை நான் கண்டனான்.

நான் மச்சானிட்டைக் கேட்டன், 95 ஒக்ரோபரில நீ எப்பிடியடா நாவற்குழிப் பாலம் தாண்டினனீ எண்டு. அவனுக்கு அப்ப மூண்டு வயசு, ஒண்டும் ஞாபகமில்லை. மனிசிக்கு ஞாபகம் இருக்கு. அவவுக்குப் பதினைஞ்சு வயசு. மாமி இவனை ஒரு கையில இடுக்கிக்கொண்டு, மற்றக் கையால தலையில இருந்த மூட்டையைப் பிடிச்சபடி, அந்தச் சனத்துக்குள்ள மழைக்க விடிய விடிய நடந்தவ. ஒருக்காலும் கைமாத்தித் தரேல்லை எண்டு மனிசி சொல்லுவா. அதுக்கு முதலும் துலாவில தண்ணி அள்ளி, உலக்கை பிடிச்ச கைதானே. அந்தக் கையை ஆம்பிளைக் கை எண்டு ஊரில ஒருத்தரும் சொல்லிக் கேள்விப்படேல்லை.

மச்சான் ஒண்டும் பேசாமல் ரீயைக் குடிச்சான்.

அடுத்த கிழமை ஒரு கலியாண வீட்டுக்குச் சாறிச் சட்டை தைக்கக் குடுக்கப் போனனாங்கள். தைக்கிற அக்கா மகளின்ர புயத்தை அளந்துபோட்டு, "பிள்ளை, உந்த ஜிம்முக்குப் போறதைக் கொஞ்சம் குறையும்" எண்டா. மகள் என்னைப் பார்த்தாள். மனிசிதான் முந்திக்கொண்டா.

"நீங்கள் தையலுக்குள்ள ஒரு இஞ்சி கூட விடுங்கோ அக்கா. அவள் இன்னும் தூக்குவாள்."