வல்லினம் கேட்கும் தூரம்

"எத்தனை வாட்ஸ் வேணும் சார்?" என்றுதான் எல்லாக் கடைகளிலும் கேட்டார்கள். அந்தக் கேள்விக்கு எங்களிடம் பதில் இல்லை. எங்களிடம் இருந்தவை வேறு எண்கள்: 365 படிகள், ஐந்து பேர், ஒரு கிட்டார், 73 வயதான ஒரு குரல்.

டிசம்பர் 31 அன்று திருத்தணி மலைப்படிகளில் திருப்புகழ் பாடியபடி ஏறும் குழுக்களுள் எங்களுடையது மிகச் சிறியது. ஆங்கிலப் புத்தாண்டன்று வெள்ளைக்கார துரைமார்களைத் தேடிச்சென்று வணங்கும் வழக்கம் இருந்த காலத்தில், அதற்கு மாற்றாகத் தணிகை முருகனை வணங்கலாமே என்று வள்ளிமலை சச்சிதானந்த சுவாமிகள் தொடங்கிவைத்தது இந்தப் படித்திருவிழா என்பார்கள். 1910களின் இறுதியில் தொடங்கிய வழக்கம், நூறாண்டுகளைத் தாண்டி இன்றும் தொடர்கிறது. ஆண்டின் நாட்களை நினைவூட்டும் 365 படிகள். படிதோறும் கற்பூரம், படிதோறும் பாட்டு. எங்களில் இருவர் படிகள் முடிந்ததும் சன்னிதிக்குள் செல்லாமல் வெளியிலேயே நின்றுவிடுகிறவர்கள். அவர்களை ஆண்டுதோறும் அங்கே இழுத்து வருவது அருணகிரிநாதரின் சந்தம் மட்டுமே. அதையும் ஒருவிதமான பக்தி என்றே மற்ற மூவரும் சொல்லிவருகிறோம்.

சந்தத்தை எங்களுக்குக் கற்பித்தவர் ஐயா. ஓய்வுபெற்ற தமிழாசிரியர். எங்களில் மூவருக்குப் பள்ளியிலும், ஒருவருக்குப் பள்ளிக்கு வெளியிலும் ஆசிரியராக இருந்தவர். பல ஆண்டுகள் ஒலிபெருக்கி எதுவுமின்றிப் படிகளில் பாடியவர். இருபது படி கீழே நிற்பவருக்கும் அவருடைய ஒவ்வோர் எழுத்தும் தனித்தனியாகக் கேட்கும். பின்னர் தொண்டையில் ஓர் அறுவை சிகிச்சை நேர்ந்தது. குரல் திரும்பியது. ஆனால் கூடத்தின் ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்குப் போய்ச் சேரும் அளவுக்குத்தான் திரும்பியது. அவ்வாண்டு அவர் எங்களிடம் சொன்னார்: "நீங்க போயிட்டு வாங்கப்பா. நான் சரவணப்பொய்கைப் பக்கமா உட்கார்ந்துக்கிறேன். மேல ஏத்தறதுக்கு என்னையே தூக்கணும், என் குரலையும் தூக்கணும்னா முடியுமா?"

அந்தக் கேள்வியிலிருந்துதான் இந்தத் தேடல் தொடங்கியது.

முன்பு ஒருமுறை வாடகைக்கு ஒரு பெருக்கியை எடுத்துச் சென்றிருந்தோம். கனத்த இரும்புப் பெட்டி ஒன்று, அதற்கு மின்சாரம் தர ஒரு கார் பேட்டரி, தனியாக ஒரு புனல். இருவர் மாறி மாறிச் சுமந்தோம். நூறாவது படியை எட்டும்போது பாடுவதற்கு மூச்சு இருந்தவர்கள் மூவரே. மறுநாள் எங்களில் ஒருவர் முதுகைப் பிடித்துக்கொண்டு படுத்தவர், தைப்பொங்கலுக்குத்தான் எழுந்தார். ஆகவே இம்முறை நிபந்தனைகள் தெளிவாக இருந்தன. ஒருவரே ஒரு கையில் தூக்க வேண்டும். மின்கலத்தில் இயங்க வேண்டும். கிட்டாருக்கும் ஐயாவின் ஒலிவாங்கிக்கும் தனித்தனி வழிகள் இருக்க வேண்டும்.

திருப்புகழுக்குக் கிட்டாரா என்று கேட்பவர்கள் உண்டு. முத்துசுவாமி தீட்சிதர் தம் முதல் கீர்த்தனையைப் பாடியதாக மரபு சொல்லும் தலம் திருத்தணி. அவருடைய தம்பி பாலுசுவாமி தீட்சிதர்தான் ஐரோப்பியரின் வயலினைக் கற்று நம் இசைக்குள் கொண்டுவந்தவர்களில் முன்னோடி. எங்கள் குழுவின் இளையவர் கிட்டாரில் ராகம் வாசிப்பதில்லை, சந்தத்தை மட்டும் தட்டுகிறார். பாடல் தடுமாறும் இடங்களில் அந்தத் தட்டல்தான் எங்களைப் பிடித்து நிறுத்துகிறது.

கடைகளில் கேட்ட 'வாட்ஸ்' கேள்விக்கு வருவோம். பெருக்கியின் திறனை இரட்டித்தால் ஒலியும் இரட்டிக்கும் என்றே நாங்களும் நம்பியிருந்தோம். உண்மையில், திறனை இரட்டித்தால் கிடைப்பது 3 டெசிபல் உயர்வு. கூர்ந்து கேட்டால் தெரிகிற அளவு. காதுக்கு இரு மடங்கு உரத்ததாகத் தோன்ற ஏறத்தாழ 10 டெசிபல் வேண்டும். அதற்குத் திறன் பத்து மடங்காக வேண்டும். இதைவிட முக்கியமான எண் ஒன்றை விற்பனையாளர்கள் எவரும் சொல்லவில்லை. அது ஒலிபெருக்கிக் கூம்பின் உணர்திறன்: ஒரு வாட் கொடுத்தால் ஒரு மீட்டர் தொலைவில் எத்தனை டெசிபல் எழுகிறது என்பது. 90 டெசிபல் தரும் கூம்புக்கு 100 வாட் கொடுத்து எழுப்பும் ஒலியை, 100 டெசிபல் தரும் கூம்பு 10 வாட்டிலேயே எழுப்பிவிடும். பெட்டியின் மேல் பெரிதாக அச்சிட்டிருக்கும் எண் பாதிக் கதைதான்.

எடையின் கதையும் சுவையானது. பழைய வால்வு பெருக்கிகளின் கனத்தில் பெரும்பங்கு அவற்றினுள் இருக்கும் இரும்பு மின்மாற்றிகளுடையது. 85 வாட் தரும் ஃபெண்டர் ட்வின் ரிவெர்ப் ஏறத்தாழ 30 கிலோ இருக்கும். 2019-இல் அதே நிறுவனம் 'டோன் மாஸ்டர்' என்ற பெயரில் அதன் மின்னணு வடிவத்தை வெளியிட்டபோது எடை பாதியாகக் குறைந்தது. இதற்குக் காரணங்கள் மூன்று. 'கிளாஸ் டி' என்னும் வகைச் சுற்றில் டிரான்சிஸ்டர்கள் முழுதாகத் திறந்தோ முழுதாக மூடியோ இயங்குகின்றன. வெப்பமாக வீணாவது குறைவு, ஆகவே வெப்பத்தை வெளியேற்றும் கனத்த உலோகத் தகடுகள் வேண்டியதில்லை. மின்வழங்கி மிகுந்த அதிர்வெண்ணில் இயங்குவதால் மின்மாற்றி உள்ளங்கைக்குள் அடங்கிவிடுகிறது. மூன்றாவது, 1980களில் வந்த நியோடிமியம் காந்தம். பழைய ஃபெரைட் காந்தம் செய்யும் வேலையை அது சிறு எடையில் செய்துவிடும்.

இத்தனையும் படித்துத் தெளிந்த பிறகும் எங்களுக்குள் ஒத்த கருத்து இல்லை. கிட்டார் நண்பருக்கு 15 அங்குலக் கூம்புள்ள 100 வாட் பெட்டி ஒன்றின்மீது ஆசை. "கொஞ்சம் கனம்தான், ஆனா சத்தம் நெஞ்சுல வந்து இடிக்கும்" என்றார். அவர் அதை ஒருவரிடமிருந்து இரவல் வாங்கினார். மற்றவர்கள் ஏழரைக் கிலோகூட இல்லாத, எட்டுச் சிறிய பென்சில் பேட்டரிகளில் இயங்கும், 50 வாட் ரோலண்ட் கியூப் ஸ்ட்ரீட் இஎக்ஸ் ஒன்றை இரவல் வாங்கினோம். கூட்டமில்லாத ஒரு கார்த்திகை மாதக் காலையில், அனுமதி கேட்டுக்கொண்டு, இரண்டையும் படிகளின் தொடக்கத்தில் வைத்தோம்.

எப்படிச் சோதிப்பது என்று எங்களுக்குத் தெரியவில்லை. ஐயாவுக்குத் தெரிந்திருந்தது. "மேல போய் இருபது படி தள்ளி உட்காருங்க. ஆளுக்கொரு தாள் எடுங்க. சொல்வதை எழுதுதல்" என்றார்.

நாற்பதைக் கடந்த மூவர் படிக்கட்டில் அமர்ந்து எழுதினோம். கீழே கிட்டார் தட்டிக்கொண்டிருக்க, அதனூடே ஐயா சொற்களைச் சொன்னார். பத்து, பந்து. கட்டு, கண்டு. அச்சு, அஞ்சு. பக்கம், பங்கம். வரிசையை மாற்றி மாற்றிச் சொன்னார். பெரிய பெட்டி உண்மையிலேயே நெஞ்சில் இடித்தது. ஆனால் 'பத்து' என்றாரா 'பந்து' என்றாரா என்று தெரியவில்லை. கிட்டாரின் தடித்த கம்பிகள் எழுப்பிய முழக்கம் ஐயாவின் மெலிந்த குரலின்மேல் ஈரப் போர்வையாக விழுந்து கிடந்தது. சிறிய பெட்டிக்கு மாற்றி, தாழ்ந்த ஒலிகளின் திருகை ஏறக்குறைய முழுவதுமாகக் குறைத்து, பெட்டியைத் தரையிலிருந்து எடுத்து மடக்கு நாற்காலியின்மேல் சாய்வாக வைத்ததும் எழுத்துகள் ஒவ்வொன்றாகப் பிரிந்து வந்தன.

காரணம் ஐயாவின் பாடத்துக்குள்ளேயே இருந்தது. வல்லின மெய் என்பது ஓர் அடைப்பும், ஒரு கணத் திறப்பும். அந்தத் திறப்பில் வெடிக்கும் ஒலி பெரும்பாலும் உயர்ந்த அதிர்வெண்களில் இருக்கிறது; மனிதக் காதும் 2000 முதல் 5000 ஹெர்ட்ஸ் வரையிலான பகுதியில்தான் மிகக் கூர்மையாகக் கேட்கிறது. கிட்டாரின் தடித்த கம்பியோ 82 ஹெர்ட்ஸில் அதிர்வது. பெருக்கியின் திறனையும் பெட்டியின் பருமனையும் அதிகம் தின்பது இந்தக் கீழ்ப்பகுதியே. சந்தப்பாட்டில் 'தத்த' என்பதும் 'தந்த' என்பதும் வெவ்வேறு சந்தங்கள். ஒன்று மற்றொன்றாகக் கேட்டால் பாட்டே வேறாகிவிடும். எங்களுக்கு வேண்டிய உரப்பு, இருபதாம் படியில் 'த்' என்பது 'த்' என்றே கேட்கும் உரப்பு. அதற்கு ஏழரைக் கிலோவே போதும் என்று தெரிந்தது.

இறங்கி வந்துகொண்டிருந்த தெலுங்கு பேசும் மூதாட்டி ஒருவர் இந்தத் தேர்வைச் சற்று நேரம் நின்று பார்த்தார். ஐயாவைக் காட்டி, "கட்டிகா செப்பமனண்டி" என்று எங்களிடம் சொல்லிவிட்டுப் போனார். உரக்கச் சொல்லச் சொல்லுங்கள் என்று பொருள். 1960 ஏப்ரல் வரை ஆந்திரத்தோடு இருந்த ஊர். இரு மொழிகளும் படிகளில் இன்றும் சேர்ந்தே ஏறி இறங்குகின்றன. தெலுங்கின் 'கட்டி'யில் உரப்பும் உறுதியும் ஒரே சொல்லாக இருக்கின்றன என்று ஐயா அதையும் ஒரு பாடமாக்கினார்.

கிட்டார் நண்பர் எளிதில் ஒப்பவில்லை. "பேஸ்ஸை எடுத்துட்டா கிட்டார் தகர டப்பா மாதிரி கேக்குது" என்றார். அது உண்மைதான். அவர் இழந்தது சிறிதன்று. பல ஆண்டுகள் தேடி அடைந்த நாதத்தை ஒரு திருகில் விட்டுக்கொடுத்தார். மற்றொரு நியாயமும் அவரை இணங்கவைத்தது. படித்திருவிழாவில் நமக்கு மேலும் கீழும் வேறு குழுக்கள் வேறு பாட்டைப் பாடிக்கொண்டிருக்கும். திறந்த வெளியில் தொலைவு இரட்டிக்குந்தோறும் ஒலி 6 டெசிபல் குறையும். நம்மவருக்குத் தெளிவாகக் கேட்டு, அடுத்த குழுவை எட்டும்போது தேய்ந்துவிடும் ஒலியே அங்கே மரியாதையான ஒலி.

டிசம்பர் 31 அன்று ஐயா வந்தார். மெல்ல ஏறினோம், பத்துப் படிக்கு ஒருமுறை அமர்ந்தோம். முதல் பாட்டின் இரண்டாம் அடியில் அவர் நிறுத்திவிட்டார். கருவி பழுதாகிவிட்டதோ என்று பதறினோம். கருவி நன்றாகவே இருந்தது. அறுவை சிகிச்சைக்குப் பிறகு தம் குரலை வெளியிலிருந்து அவர் கேட்பது அதுவே முதல்முறை. தெளிவான ஒலிபெருக்கி கரகரப்பையும் தெளிவாகவே சொல்லும் என்பதை நாங்கள் எவரும் நினைத்துப் பார்த்திருக்கவில்லை. ஏழெட்டுப் படிகள் அவர் பேசாமலேயே ஏறினார். எங்களில் ஒருவர் ஒலிவாங்கியின் அளவைக் குறைக்கக் கை நீட்டினார். ஐயா அந்தக் கையைத் தட்டிவிட்டு, "இருக்கட்டும். கிட்டாரைக் கொஞ்சம் குறை" என்றார்.

பின்னர் மலையுச்சி வரை பாடினார். எல்லாப் பாட்டையும் அல்ல. வல்லினம் மிகுந்தவற்றைத் தமக்கென வைத்துக்கொண்டு மற்றவற்றை எங்களிடம் தந்தார். பெட்டியை எங்களுள் முதுகு நொந்தவரே பிடிவாதமாகத் தூக்கி வந்தார்.

புத்தாண்டுக் காலை, அரக்கோணம் செல்லும் ரயிலில் ஐயா தம் பையிலிருந்து மடித்த தாள்கள் மூன்றை எடுத்துத் தந்தார். கார்த்திகையில் படிக்கட்டில் அமர்ந்து நாங்கள் எழுதியவை. சிவப்பு மையால் திருத்தியிருந்தார். பெரிய பெட்டிக்கு எங்கள் மதிப்பெண் இருபதுக்கு ஒன்பது. சிறிய பெட்டிக்குப் பதினெட்டு. பதினெட்டின் அடியில் சிறிய எழுத்தில் ஒரு குறிப்பு இருந்தது: "மீதி இரண்டு பிழை கருவியுடையதன்று."