ஆழம் அறிந்த சாவி

திறவுகோல் என்பது தமிழில் பெருமை வாய்ந்த சொல். இலக்கணத்துக்கும் அறிவுக்கும் வாழ்வுக்கும் திறவுகோல் என்று நூல்களுக்குப் பெயரிட்டு மகிழ்வர். அதே தமிழில் கள்ளச்சாவி என்றொரு சொல்லும் உண்டு. சுவரைத் துளைக்கும் கன்னக்கோலும் ஒரு கோல்தான். இக்கோல்களுக்கு இடையேயுள்ள தொலைவை அகராதி கூறாது. பூட்டுத் தொழிலாளி கூறுவார்.

புக்கிட் தெங்காவில் அத்தகைய ஒருவர் இருக்கிறார். ஒரு மேசையும் சாவி வெட்டும் இயந்திரமும் அடங்கினால் அவர் கடை நிறைந்துவிடும். வெட்டாத சாவிகள் சுவரில் வரிசையாகத் தொங்குகின்றன. மேசை இழுப்பறையில் மட்டும் ஒரு வளையம் தனியே கிடக்கிறது. அதில் பத்துச் சாவிகள். அவற்றுள் எதுவும் எந்த வீட்டையும் திறப்பதற்காக வெட்டப்பட்டதன்று. தொழிலில் அவற்றை ஆழச்சாவிகள் என்பர்.

1860களில் லைனஸ் யேல் இளையவர் அமெரிக்காவில் உருவாக்கிய ஊசிப் பூட்டே இன்று பெரும்பாலான வீட்டுக் கதவுகளில் உள்ளது. உள்ளே ஐந்தாறு துளைகள். துளைதோறும் ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு ஊசிகள். மேலே ஒரு சுருள்வில். சாவியின் பள்ளங்கள் அந்தந்த ஊசியை உரிய உயரத்தில் நிறுத்தினால்தான் உருளை சுழலும். பள்ளத்தின் ஆழத்துக்கு எண் உண்டு. ஸ்லேஜ் என்னும் அமெரிக்க நிறுவனத்தின் வழக்கமான பூட்டில் சுழி முதல் ஒன்பது வரை பத்துப் படிகள். படிக்குப் படி வேறுபாடு 0.38 மில்லிமீட்டர். கண்ணுக்குத் தெரியாத இந்த வேறுபாட்டில்தான் ஒரு குடும்பம் நிம்மதியாக உறங்குகிறது.

ஆழச்சாவி ஒவ்வொன்றிலும் எல்லாப் பள்ளங்களும் ஒரே ஆழம். மூன்றாம் சாவியில் அனைத்தும் மூன்று. ஏழாம் சாவியில் அனைத்தும் ஏழு. பூட்டின் எண் தெரிந்தால், இடத்துக்கு ஒரு சாவியை வழிகாட்டியாக வைத்துப் புதுச்சாவியை வெட்டிவிடலாம். பழைய சாவியைப் பார்த்து நேரே நகலெடுக்கலாகாதா என்று கேட்கலாம். எடுக்கலாம். ஆனால் தேய்ந்த சாவியின் நகல் தேய்மானத்தையும் சேர்த்தே நகலெடுக்கும். நகலின் நகல் மேலும் வழுவும். ஏடு பெயர்த்து எழுதியோரின் பிழைகள் தலைமுறைதோறும் பெருகியதைத் தமிழாசிரியர்கள் அறிவார்கள். 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்த உ. வே. சாமிநாதையர், பல ஏடுகளை ஒப்பிட்டு மூலபாடத்தை நாடினார். ஆழச்சாவி செய்வதும் அதுபோன்ற பணியே; தேய்ந்த நகலை விடுத்து மூலத்துக்குச் செல்லுகிறது.

இனித்தான் சிக்கல். வளையத்தின் கடைசிச் சாவி, அதாவது அனைத்தும் மிக ஆழமாக வெட்டப்பட்ட சாவி, சிறு திருத்தத்தோடு தட்டுச்சாவியாகிவிடும். கேரம் பலகையில் ஒட்டிக் கிடக்கும் இரண்டு காய்களில் ஒன்றை அடித்தால் மற்றது ஓடுகிறது, அடிபட்டது நின்றுவிடுகிறது. பூட்டினுள்ளும் அதுவே நிகழ்கிறது. தட்டின் விசை கீழூசிகள் வழியே மேலூசிகளைச் சென்றடைகிறது; அவை எழும்பும் நொடிப்பொழுதில் தடை நீங்குகிறது. உரிய எண் எதுவும் தேவையில்லை. புதிய சூழ்ச்சியும் அன்று: இத்தகைய சாவிக்கு 1928இலேயே அமெரிக்காவில் காப்புரிமை வழங்கப்பட்டது. 2005இல் நெதர்லாந்தின் பூட்டு ஆர்வலர்கள் விரிவாக எழுதி வெளியிட்ட பின்னரே பொதுமக்கள் விழித்தனர்.

அவரிடம் தொழில் பழக ஓர் இளைஞன் வந்தான். படிவம் ஐந்தோடு படிப்பை நிறுத்தியவன். கை நேர்த்தியானது, நட்புவட்டம் அத்துணை நேர்த்தியன்று. ஒன்பது சாவிகளின் பயனைக் கற்றுத் தந்தவர் பத்தாவதில் தயங்கினார். கற்பித்தால் தீங்கு நேருமோ? கற்பிக்காவிடில் அவன் வேறெங்கோ, வேறு யாரிடமோ கற்றுக்கொள்வானோ? ஆசிரியர் தொழிலில் இருப்போருக்கு இந்தத் தயக்கம் புதிதன்று.

இவ்வழக்கு இலண்டனில் எப்போதோ நடந்துவிட்டது. 1851இன் பெருங்கண்காட்சியின்போது ஹாப்ஸ் என்னும் அமெரிக்கர், திறக்க இயலாதது என்று பெயர்பெற்ற சப் பூட்டை 25 நிமிடங்களில் திறந்தார். திறப்பவருக்கு 200 கினி பரிசு என்ற அறிவிப்போடு காட்சிக்கு இருந்த பிராமா பூட்டை 51 மணி நேரம் உழைத்துத் திறந்தார். பூட்டின் குறையை ஊரறியச் சொல்லலாமா என்று பெருஞ்சினம் எழுந்தது. கள்வர் இத்தொழிலை முன்பே அறிந்தவர். அறியாதவர் வீட்டுக்காரரே என்பது 1853இல் அவர் பெயரால் வந்த நூலின் வாதம். பெரிதும் ஏற்கத்தக்க வாதம்தான். ஆயினும் அது பூட்டு வாங்குவோரைப் பற்றிய வாதம். ஒரு பையனின் கையைப் பற்றியதன்று.

அவர் கற்பித்தார். வெறும் வித்தையாக அன்று. வேறுபட்ட வடிவில் கடைந்த ஊசிகளை இட்டுப் பூட்டைத் தட்டுக்கு எளிதில் அடங்காததாகச் செய்வதையும் அன்றே கற்பித்தார். சாவி கேட்டு வருபவர் வீட்டுக்குரியவர்தாமா என்று விசாரித்துக் குறித்துவைக்கும் தடித்த பதிவேட்டை அன்றுமுதல் அவனிடமே ஒப்படைத்தார். முதல் வாரத்திலேயே ஒரு வாடிக்கையாளரைத் திருப்பி அனுப்பினான் அவன்; ஒரு சாவியின் கூலி போயிற்று. அவர் ஒன்றும் சொல்லவில்லை.

அண்மையில் ஒரு மூதாட்டி, தம் மாமனார் தமிழகத்திலிருந்து கொணர்ந்த மாங்காய்ப் பூட்டொன்றைக் கொண்டுவந்தார். 2019இல் புவிசார் குறியீடு பெற்ற திண்டுக்கல் பூட்டுக் குலத்தைச் சேர்ந்தது. சாவி தொலைந்து பல்லாண்டுகள். இவ்வகைப் பூட்டில் ஊசிகள் இல்லை. கையால் இழைத்த லீவர் தகடுகளே உண்டு. தட்டினாலும் அசையாது, வளையத்தின் பத்துச் சாவிகளுக்கும் அங்கே வேலையில்லை. பூட்டைப் பிரித்து, தகடு தகடாக உயரம் பார்த்து, அரம் கொண்டு அந்த இளைஞன் தேய்க்கத் தொடங்கினான். இரண்டு மாலைப்பொழுதுகள் பிடித்தன.