பிளக்கின் நிறம்

ஸ்பார்க் பிளக்கைக் கழற்றியதும் துடைக்க அப்பா விடமாட்டார். முதலில் நிறத்தைப் பார்க்க வேண்டும். நுனி காப்பிப்பொடி நிறத்தில் இருந்தால் எஞ்சினுக்குக் குறையில்லை. கரி படிந்திருந்தால் பெட்ரோல் கூடுதலாகப் போகிறது, இல்லையென்றால் ஏர் ஃபில்டர் அடைத்திருக்கிறது. வெளுத்திருந்தால் காற்று அதிகம். எண்ணெய்ப் பிசுக்கோடு வந்தால்தான் அவர் முகம் மாறும். அது பிஸ்டன் ரிங்கு வரை இழுக்கிற செலவு.

மாருதி 800-க்கு மூன்றே சிலிண்டர், மூன்றே பிளக்கு. 1983 டிசம்பரில் இந்திரா காந்தி முதல் சாவியைக் கொடுத்தபோது அதன் விலை ஐம்பதாயிரம் ரூபாயை ஒட்டி இருந்தது. எங்கள் வீட்டுக்கு அது தொண்ணூறுகளில், இரண்டு கை மாறி வந்தது. மலிவாகக் கிடைத்ததால் வாங்கினார் என்பாள் அம்மா. ஸ்பேனர் பெட்டிக்கு ஒரு கார் தேவைப்பட்டது என்பது என் கணிப்பு.

அம்மாவுக்கு அந்தக் காரில் பிடித்தது சோக் ஒன்றுதான். மார்கழிக் காலையில் அதை இழுத்து, ஒரே சாவித் திருப்பலில் கிளப்பிவிடுவாள். அப்பா இரண்டு தரம் திருப்புவார். 2000-இல் எம்பிஎஃப்ஐ என்கிற எரிபொருள் ஊசி முறை வந்தது. புது வண்டிகளில் கார்புரேட்டரும் போய், சோக்கும் போய்விட்டது. கார்புரேட்டர் ஜெட்டை ஊதித்தான் சுத்தம் செய்ய வேண்டும், கம்பி விட்டால் துளை பெரிதாகிவிடும் என்பதெல்லாம் இனி யாருக்குப் பயன்படும்?

சனிக்கிழமைகளில் சென்னைப் புதுப்பேட்டை. கதவு, ஹெட்லைட், சைடு கண்ணாடி என்று காரை உரித்துத் தொங்கவிட்டிருப்பார்கள். அங்கே பேரம் பேசுவதில் அப்பாவுக்கு ஒரு சந்தோஷம். பிரேக் ஷூ, பெல்ட், பிளக்கு என்றால் மட்டும் பேச்சே கிடையாது; ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டுக்கு நடந்து போய்ப் புதிதாக வாங்குவார். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் கை விடமாட்டார், ஸ்டெப்னியைப் படுக்கவைத்து உள்ளே தள்ளிய பிறகுதான். டைமிங் பெல்ட்டுக்குத் தெருமுனை மெக்கானிக் வருவார். எதைத் தொடக்கூடாது என்று தெரிந்ததால்தான் மற்றதையெல்லாம் அவரால் தைரியமாகத் தொட முடிந்தது என்று இப்போது படுகிறது.

பிளக்குக்கே வருகிறேன். வண்டி இழுக்காமல் உதறினால், எஞ்சின் ஓடும்போதே ரப்பர் பிடி போட்ட குறடால் வயரை ஒவ்வொன்றாகக் கழற்றுவார். நான் டார்ச் பிடிப்பேன். கழற்றியதும் சத்தம் இன்னும் மோசமானால் அந்தச் சிலிண்டர் வேலை செய்கிறது. மாறாவிட்டால் கோளாறு அங்கேதான். “கண்ணை மூடிக்கிட்டுக் கேளும்மா” என்பார்.

800-இன் உற்பத்தி 2014 ஜனவரியில் நின்றது. இப்போது என்னிடம் இருப்பது வேறு சின்னக் கார். பானட்டைத் திறந்தால் எஞ்சினைக் காணோம், மேலே பிளாஸ்டிக் மூடி. போன வருஷம் அது உதறியபோது ஸ்கேனரை மாட்டினேன். போனில் ‘பி0302’ என்று வந்தது, இரண்டாவது சிலிண்டர் எரியவில்லை என்று அர்த்தம். திண்ணையில் உட்கார்ந்திருந்த அப்பாவிடம் சொன்னேன்.

“பிளக்கா, காயிலா?”

“அது சொல்லலப்பா.”

“அப்ப ஒண்ணாவது காயிலையும் ரெண்டாவதையும் மாத்திப் போடு. கோளாறு கூடவே போகுதான்னு பாரு.”

மூடியைக் கழற்றி, இரண்டையும் இடம் மாற்றி, பிழைக் குறியீட்டை அழித்துவிட்டு ஒரு சுற்று ஓட்டி வந்தேன். ‘பி0301’. காயில்தான். புதுசின் விலையைச் சொன்னதும், “புதுப்பேட்டையில விசாரிச்சியா?” என்றார்.