பின்வண்டியில யார் உட்காருவாங்க?

பெங்களூர் ஆஸ்டின் டவுன்ல பொறந்து வளர்ந்தவன், இப்ப டெக்சாஸ் ஆஸ்டின்ல குப்பை கொட்டிக்கிட்டு இருக்கேன். அந்த ஆஸ்டினுக்கும் இந்த ஆஸ்டினுக்கும் எந்த சம்பந்தமும் இல்லைங்க. எங்க ஏரியாவுக்கு, கன்னட அகராதி எழுதின ஜெர்மன் பாதிரியார் ஞாபகமா கிட்டல் நகர்னு பேரு வெச்சாங்க. எங்க தெருவுல யாரும் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை. சரி, மேட்டருக்கு வர்றேன்.

இங்க தமிழ்ச் சங்கத்துல பழக்கமான நண்பர் ஒருத்தர் பழைய மோட்டார்ஹோம் ஒண்ணு வாங்கினார். 30 அடி நீளம். மனைவி, ரெண்டு பசங்க, ஊர்ல இருந்து வந்திருக்கிற மாமனார் மாமியார் எல்லாரையும் ஏத்திக்கிட்டு பிக் பெண்ட் தேசியப் பூங்கா போகணும்னு ஆசை. இங்கிருந்து ஏழெட்டு மணி நேரப் பயணம். அங்க சிசோஸ் மலைப்பாதையில வளைவும் ஏத்தமும் அதிகம். 24 அடிக்கு மேல நீளமான மோட்டார்ஹோம் வேணாம்னு பூங்காக்காரங்களே சொல்றாங்க. அதனால பின்னாடி ஒரு காரைக் கட்டி இழுத்துட்டுப் போய், மோட்டார்ஹோமை ஓரமா நிறுத்திட்டு காரை எடுத்துக்கிட்டு சுத்தறது இந்த ஊர் வழக்கம். டிரெய்லர் கிடையாது, நாலு சக்கரமும் ரோட்டுலயே உருளும். நடுவுல 'டோ பார்'னு ஏ எழுத்து மாதிரி ஒரு இரும்புச் சட்டம்.

நண்பர் கேட்டது சிம்பிளான கேள்வி. "கியரை நியூட்ரல்ல போட்டு, பாரை மாட்டிட்டா போதும்ல?"

நான் மெக்கானிக்கல் படிச்சவன்தான். ஆனா இந்தக் கேள்விக்கு எனக்கு காலேஜ் பாடம் ஞாபகம் வரலை, எங்க மாமாதான் ஞாபகம் வந்தார்.

ஆஸ்டின் டவுன்ல மாமாவுக்கு ஒரு சின்ன ஷெட் இருந்தது. நீலசந்திரா, விவேக் நகர் பக்கம் எங்க வண்டி நின்னாலும் நைலான் கயிறும் கையுமா கிளம்பிடுவார். முன்னாடி இழுக்கிற வண்டியை ஷெட் பையன் ஓட்டுவான். பின்னாடி, ரிப்பேரான வண்டியில மாமா. இது மாறவே மாறாது. நான் சின்னப் பையனா இருக்கிறப்ப கேட்டேன், "ஏன் மாமா, ஓடற வண்டியை நீங்க ஓட்டலாம்ல?" "முன்னாடி ஓட்டறவனுக்கு கண்ணு இருந்தா போதும் மாப்ளே. பின்னாடி உக்கார்றவனுக்குத்தான் காலு வேணும்"ன்னார்.

அது என்னன்னு பிறகுதான் புரிஞ்சுது. இஞ்சின் ஆஃப் ஆன வண்டியில பிரேக் பூஸ்டருக்கு வேக்குவம் கிடையாது. மிச்சம் இருக்கிற வேக்குவத்துல ரெண்டு மூணு மிதி லேசா இறங்கும், அப்புறம் பெடல் கல்லு மாதிரி ஆயிடும். பவர் ஸ்டியரிங் இருந்தா அதுவும் கனக்கும். சாவியை உருவிட்டா ஸ்டியரிங்கே பூட்டிக்கும். இதுக்கு நடுவுல கயிறு தொய்யாம இருக்க லேசா பிரேக்கை அழுத்திக்கிட்டே வரணும். தொய்ஞ்ச கயிறு திடீர்னு விறைச்சா வெட்டி இழுக்கும், அறுந்தா சாட்டை மாதிரி திரும்பி அடிக்கும். முன்வண்டி நின்னா, நடுவுல நிக்கறதுக்கு மாமாவோட கால் தவிர ஒண்ணும் கிடையாது.

நம்ம ஊர் சட்டமும் இதைத்தான் எழுதி வெச்சது. 1989-ல வந்த சாலை விதிமுறைப்படி பின்வண்டி டிரைவர் சீட்டுல லைசென்ஸ் உள்ள ஆள் இருக்கணும், இல்லைன்னா முன்சக்கரம் தரையில படாம கிரேன்ல தூக்கியிருக்கணும். ரெண்டு வண்டிக்கும் நடுவுல 5 மீட்டருக்கு மேல இடைவெளி கூடாது. பின்னாடி 75 மில்லிமீட்டர் உயர எழுத்துல 'ஆன் டோ'ன்னு எழுதி மாட்டணும். வேகம் மணிக்கு 24 கிலோமீட்டர். (2017-ல அதுக்குப் பதிலா புது விதிமுறைகள் வந்தாச்சு.)

இப்ப நண்பர் கேஸ். வேகம் 24 இல்லை, 100 கிலோமீட்டர். பின்வண்டியில ஆளே இல்லை. அப்போ மாமா செஞ்ச வேலையை எல்லாம் யார் செய்யறது?

ஸ்டியரிங் பத்திக் கவலை இல்லை. சூப்பர் மார்க்கெட் தள்ளுவண்டியோட சின்னச் சக்கரம் எப்படித் தானா திரும்புதோ, அதே மாதிரி முன்னால போறப்ப காரோட முன்சக்கரம் இழுக்கிற திசைக்குத் தானா வந்துடும், ஸ்டியரிங் பூட்டாம இருந்தா. ஆனா ரிவர்ஸ் மட்டும் போகவே கூடாது. சக்கரம் குறுக்கால மடங்கி, பாரையே வளைச்சுடும். பெட்ரோல் பங்க்குள்ள நுழையறதுக்கு முன்னாடியே வெளிய வர்ற வழியைப் பார்த்து வெச்சுக்கணும். மாட்டிக்கிட்டா காரைக் கழட்டிட்டுத்தான் பின்னால எடுக்கணும்.

நியூட்ரல் விஷயம் வேற. நண்பர்கிட்ட இருந்தது சாதாரண ஆட்டோமேட்டிக் கார். பெரும்பாலான ஆட்டோமேட்டிக்ல கியர்பாக்ஸுக்கு ஆயில் அனுப்பற பம்ப் இஞ்சினோட சுத்தும். இஞ்சின் ஆஃப், சக்கரம் மட்டும் உருளுதுன்னா உள்ள எண்ணெய் இல்லாமலே கியர் சுத்தும். சில மைல்லயே கருகிடலாம். எலக்ட்ரிக் கார்கள்ல பெரும்பாலும் கம்பெனியே சக்கரம் தரையில பட இழுக்காதேன்னு சொல்லிடும். ஹோண்டா சிஆர்-வியை 2014 மாடல் வரைக்கும் இப்படி இழுத்தாங்க, 2015-ல சிவிடி கியர்பாக்ஸ் வந்ததும் அதுவும் போச்சு. ஜீப் ராங்லர் மாதிரி டிரான்ஸ்ஃபர் கேஸ்லயே நியூட்ரல் இருக்கிற வண்டிதான் இதுக்கு லாயக்கு. அதுலயும் நியூட்ரல் போட்டுட்டு, இஞ்சினை ஓட விட்டு டிரைவ், ரிவர்ஸ் ரெண்டும் போட்டுப் பார்த்து வண்டி அசையலைன்னு உறுதி பண்ணிக்கணும். உங்க வண்டி மேனுவல்ல 'ரிக்ரியேஷனல் டோயிங்'னு ஒரு பக்கம் இருக்கும். அங்க கூடாதுன்னு போட்டிருந்தா அதோட விஷயம் முடிஞ்சுது.

நண்பர் பேசாம பழைய ராங்லர் ஒண்ணு வாங்கினார். பாரை பம்பர்ல மாட்டக் கூடாது, சட்டத்தோட போல்ட் போட்ட பேஸ் பிளேட்லதான் மாட்டணும். பார் கிட்டத்தட்ட சமமட்டமா இருக்கணும், மூணு நாலு அங்குலத்துக்கு மேல ஏத்த இறக்கம் வேணாம். கீழ ரெண்டு சங்கிலியை குறுக்கா எக்ஸ் மாதிரி போடணும். பார் கழண்டா ரோட்டுல குத்தாம, சங்கிலி தொட்டில் மாதிரி தாங்கிக்கும். மோட்டார்ஹோமோட பிரேக் லைட்டும் இண்டிகேட்டரும் ஜீப் பின்னாடியும் எரியணும். இதுக்கெல்லாம் சரின்னுட்டார்.

தகராறு வந்தது பிரேக் பெட்டிக்கு. ஆள் இல்லாத காரோட பிரேக் பெடலை அழுத்தறதுக்கு ஒரு கருவி விக்கறாங்க. ஆயிரம் டாலருக்கு மேல ஆகும். "முப்பது அடி வண்டிக்கு ஒரு ஜீப் என்ன பாரம்? நிறைய பேர் இது இல்லாமதான் போறாங்க"ன்னார். பாரம் பத்தி இல்லைங்க. ஜீப் 1,800 கிலோவுக்கு மேல. 30 மைல் வேகத்தை விட 60 மைல்ல, நிறுத்த வேண்டிய சக்தி நாலு மடங்கு. மலை இறங்கறப்ப அத்தனையும் மோட்டார்ஹோம் பிரேக்குக்கே வந்து சேரும். அது தன்னோட எடைக்காகப் போட்ட பிரேக். இன்னொண்ணு, எல்லாமே அறுந்து ஜீப் தனியா போனா அதை நிறுத்த ஒரு ஒயர் வேணும். அந்த ஒயர் உருவினா பெட்டி தானா பிரேக் பிடிக்கும். எதிர்ல வர்ற குடும்பத்துக்கு அது ஒண்ணுதான் பாதுகாப்பு.

"பெட்டி வர்ற வரைக்கும் மோட்டார்ஹோம்ல மட்டும் போங்க, ஜீப்பை விட்டுடுங்க"ன்னு சொன்னேன். டெக்சாஸ் சட்டத்தையும் கையில இருக்கிற பணத்தையும் சொல்லி வாதாடினார். மாமனார் முன்னாடி சொன்னதுல கோவம் வேற. பத்து நாள் போன் இல்லை.

அந்தப் பத்து நாள்ல மாமாகிட்ட பேசினேன். 74 வயசு, ஷெட்டை மூடி ரொம்ப நாளாச்சு. எல்லாத்தையும் விளக்கினேன். பொறுமையா கேட்டுட்டு, "அப்ப பின்வண்டில யாரு உக்காருவாங்க?"ன்னார். யாருமில்லை மாமா, ஒரு பெட்டின்னேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. "அந்தப் பெட்டி வேலை செய்யுதான்னு முன்னாடி இருக்கிறவனுக்கு எப்படிரா தெரியும்?"

நல்ல கேள்விங்க. முன்னாடி டேஷ்போர்டுல ஒரு சின்ன விளக்கு எரியும், பின்னாடி கேமராவும் வெச்சுக்கலாம். இருந்தாலும் கிளம்பி அஞ்சாறு மைல்ல ஒருதரம் நிறுத்தி இறங்கி, பின், சங்கிலி, லைட் எல்லாம் பார்த்து, ஜீப்போட நாலு சக்கரத்துக்கும் பக்கத்துல கையைக் கொண்டு போய்ப் பார்க்கணும். ஒண்ணு மட்டும் அனலடிச்சா பிரேக் ஒட்டிக்கிட்டு வருதுன்னு அர்த்தம். ஹேண்ட் பிரேக்கை எடுக்க மறந்திருந்தாலும் அங்கயே தெரிஞ்சுடும்.

பதினோராம் நாள் நண்பர் வீட்டு வாசல்ல பெட்டி வந்து இறங்கிச்சு. மார்ச் மாசம் போயிட்டு வந்தாங்க. கிளம்பறப்ப எடுத்த போட்டோவை மாமாவுக்கு அனுப்பினேன். ஜீப், மோட்டார்ஹோம், பசங்க சிரிப்பு எதையும் பத்திப் பேசலை. "சங்கிலியை குறுக்கால போட்டிருக்கானான்னு இதுல தெரியலையே மாப்ளே, கீழ குனிஞ்சு இன்னொண்ணு எடுத்து அனுப்பச் சொல்லு"ன்னார்.